வெள்ளித்திரையும் வீட்டுத் தெருவும்

படக்கொட்டகைக்குப் போகும் பிள்ளை உருப்படாது என்று சொல்லும் பெரியோர் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கின்றனர். தரை டிக்கெட்டுக்குக் காசு சேர்க்கும் பிள்ளைகளும் ஒவ்வொரு தலைமுறையிலும் இருந்திருக்கின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையிலுள்ள வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. மாணவ நேயர்களே, அவ்வழக்கில் தீர்ப்புக் கூற நான் வரவில்லை. வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்து ஒரு வினா மட்டும் கேட்கலாம்: இளமையில் பார்த்த படம் ஒருவரது வாழ்வை எவ்வாறு உருவாக்குகிறது? இவ்வினாவுக்கு விடை தேடப் புதுவை நகரம் மிகவும் பொருத்தமானது.

1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்று அசையும் படங்களைக் காட்டினர். ஏழு திங்கள் கழிவதற்குள், 1896 ஜூலை 7-ஆம் நாள், பம்பாயிலிருந்த வாட்சன் ஓட்டலில் அப்புதுமை அரங்கேறியது. 1905-இல் அது நம் நாட்டார் கைக்கும் வந்தது. தூப்போன் என்னும் பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சென்றவர். உடல்நலம் குன்றித் தம் கருவியை விற்க முன்வந்தார். திருச்சிராப்பள்ளியில் ரயில்வேப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் அதனை வாங்கினார். ஏசுநாதர் வரலாற்றுப் படத்துடன் அவர் கூடாரம் அடித்த இடமெல்லாம் மக்கள் திரண்டனர். அன்று புதுவையை ஆண்டவர்களின் நாட்டிலே பிறந்த கலை, அந்நாட்டவர் ஒருவரிடமிருந்தே தமிழர் கைக்கு மாறியது.

கூடாரத்தின் வழிவந்தது டூரிங் டாக்கீஸ். ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் சிறு தடுப்பு, உட்கார மணல், முன்னால் இருப்பவர் தலை மறைத்தால் உயர்த்திக்கொள்ள அதே மணலில் ஒரு மேடு, ஒற்றை இயந்திரம் ஆகையால் சுருள் மாற்றும் போதெல்லாம் ஓர் இடைவேளை, முறுக்கு விற்பவரின் குரல்: இவை நம் முன்னோர் பலருக்கு வாழ்நாள் முழுதும் மறவாத நினைவுகள். அந்த மணலில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் வெளியே ஒரே திண்ணையில் அமரும் வழக்கமில்லாதவர்களாகவும் இருந்தனர். டிக்கெட்டின் விலையே அங்கு இடத்தைப் பிரித்தது, பிறப்பு பிரிக்கவில்லை. பள்ளிச் சிறுவன் ஒருவன் சொல்லிக்கொடுப்பார் இல்லாமலே கற்ற முதற் பாடம் அதுவாக இருக்கலாம்.

ஆனால் திரைக்கு முன்பே மேடை இருந்தது. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தது புதுவையிலேதான். கருவடிக்குப்பத்தில் அவர் துயில்கிறார். சிறுவர்களைக் கொண்டே நாடகம் நடத்திய அவரது சபையில் 1918-இல் சேர்ந்த ஒருவர் தி. க. சண்முகம். அப்பொழுது அவருக்கு வயது ஆறு. அச்சிறுவர்களே வளர்ந்து டி. கே. எஸ். சகோதரர்கள் என்னும் பெயரில் மேடையையும் ஆண்டனர், திரையிலும் தோன்றினர். 1937-இல் அவர்கள் நடித்து வெளிவந்த 'பாலாமணி' என்னும் படத்துக்குப் பாடல்கள் எழுதியவர் யார் தெரியுமா? புதுவையில் 1891-இல் பிறந்து, இங்கே தமிழாசிரியராகப் பணிபுரிந்த பாவேந்தர் பாரதிதாசன். ஆசிரியர் கண்மூடிய ஊரிலிருந்தே அவர்தம் மாணவர்களுக்குப் பாட்டு வந்து சேர்ந்தது.

பாவேந்தர் திரைப்படத்தை விரும்பிப் பார்த்தவர். ஆனால் வாய் திறவாமல் பார்த்தவர் அல்லர். தமிழ்நாட்டுச் சினிமாவைப் பற்றி அவர் ஒரு கவிதையே இயற்றினார். படங்கள் பல வந்தும் அவற்றுள் தமிழர்தம் நடையும் உடையும் வாழ்வும் காணப்படவில்லையே என்பது அக்கவிதையின் முறையீடு. முறையிட்டதோடு நின்றாரா? இல்லை. நாகசுர மேதை டி. என். இராசரத்தினம் பிள்ளை நடித்த 'காளமேகம்' (1940), 'வளையாபதி' (1952) ஆகிய படங்களில் அவருடைய தமிழ் ஒலித்தது. அவர் எழுதிய 'எதிர்பாராத முத்தம்' என்னும் காவியம் 1950-இல் 'பொன்முடி' என்னும் படமாயிற்று. 1964-இல் மறையும் வரையில், தம் 'பாண்டியன் பரிசு' காவியத்தைத் தாமே படமாக்கும் ஆசை அவரை விடவில்லை. அது நிறைவேறவில்லை. திரையில் தன் தெருவைத் தேடிய ஒருவர், அதனைக் காணாதபோது தாமே எழுதுகோல் எடுத்தார் என்பதுதான் இதில் நாம் கருதவேண்டிய செய்தி.

இனி 1947-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு பொங்கலையொட்டி ஏவி. எம். நிறுவனத்தாரின் 'நாம் இருவர்' வெளிவந்தது. சிறுமி குமாரி கமலா ஆட, டி. கே. பட்டம்மாள் பாட, பாரதியாரின் விடுதலைப் பாடல்கள் தமிழகமெங்கும் பரவின. நாடு விடுதலை பெற்றுவிட்டதாகவே களித்துக் கூத்தாடும் பாடலும் அவற்றுள் ஒன்று. விடுதலை நாளோ ஏழு திங்களுக்குப் பின்னரே வந்தது! பாரதியார் 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் தங்கிப் பாடிய ஊர் புதுவை. அந்தப் படத்தைப் பார்த்து, அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வீடு திரும்பும் ஒரு புதுவை மாணவனை எண்ணிப் பாருங்கள். 1947 ஆகஸ்டில் பக்கத்திலிருக்கும் கடலூரிலும் விழுப்புரத்திலும் மூவண்ணக் கொடி ஏறிவிட்டது. அவன் ஊரிலோ பிரெஞ்சுக் கொடி பறக்கிறது. பாட்டு உண்மையானால் நம் தெருவில் ஏன் அது இன்னும் உண்மையாகவில்லை என்னும் கேள்வி அவன் உள்ளத்தில் எழாமலா இருக்கும்? 1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைமாறியது. திரைப்படம்தான் விடுதலை தந்தது என்று நான் சொல்லமாட்டேன். தொழிலாளரும் தொண்டரும் பட்ட பாடு பெரிது. ஆயினும் எழுத்தறியாதவர் செவியிலும் பாரதியின் சொல்லைக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் கொட்டகைக்கும் பங்குண்டு.

அயல்நாட்டிலிருந்து ஒரு சான்று. 1932-இல் பாரிசில் பிறந்த பிரான்சுவா த்ரூஃபோ வீட்டில் அன்பு கிடைக்காத பிள்ளை. பள்ளிக்குப் போகாமல் படக்கொட்டகையில் ஒளிந்தவர். பெரியவர்கள் சொல்லும் 'உருப்படாத பிள்ளை'க்கு இவரினும் நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. ஆந்த்ரே பாஸன் என்னும் விமர்சகர் அவரைக் கைதூக்கி விட்டு, பார்த்தவற்றைச் சிந்தித்து எழுதப் பழக்கினார். 1959-இல் த்ரூஃபோ எடுத்த 'நானூறு அடிகள்' என்னும் முதற் பெரும்படம் வேறெதுவுமன்று, அவரது துயரமிகுந்த சிறுவயதின் கதையே. அதனை மறைந்த பாஸனுக்கு அவர் காணிக்கையாக்கினார்.

ஈழத்திலிருந்து மற்றொரு சான்று. மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர் பாலு மகேந்திரா. பள்ளிப் பருவத்தில் அவர், டேவிட் லீன் இலங்கையில் எடுத்துவந்த 'குவாய் நதிப் பாலம்' படப்பிடிப்பைக் கண்டார். இயக்குநர் குரல் கொடுத்ததும் மழை கொட்டிய விந்தையே தம்மை இத்துறைக்கு இழுத்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்றுத் தேர்ந்தார். அவ்வளவு பெரிய போர்ப்படத்தைக் கண்டு மயங்கிய சிறுவன் பின்னாளில் எடுத்த சிறந்த படம் எது? 1988-இல் வந்த 'வீடு'. ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒரு சிறு வீடு கட்டப் படும் பாடுதான் அதன் கதை. தம் தாய் வீடு கட்டிய நாள்களின் நினைவே அதற்கு வித்து என்றும் அவர் கூறியதுண்டு.

இம்மூவரையும் ஒருங்கே நோக்குங்கள். பாவேந்தர், த்ரூஃபோ, பாலு மகேந்திரா ஆகியோர் காலத்தாலும் மொழியாலும் வேறுபட்டவர்கள். ஆனால் மூவரும் கொட்டகையில் அமர்ந்து கண்டதை வெளியே வந்து தம் வீட்டோடும் தெருவோடும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள். அந்த ஒப்பீடே அவர்களை உருவாக்கியது. இருட்டில் கண்ட கனவிலேயே தங்கிவிட்டவர்கள் கணக்கற்றோர். நடிகரின் தலைவாரலையும் நடையையும் எடுத்துக்கொண்டு, அவ்வளவே போதும் என்று நின்றவர்கள் அவர்கள். பெரியோர் அஞ்சியதும் அதைக் குறித்தே. அவ்வச்சத்தில் நியாயமில்லை என்று சொல்வதற்கில்லை.

இன்று மணலில்லை, சுருள் மாற்றும் இடைவேளையும் இல்லை. திரை உள்ளங்கையளவு சுருங்கிச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. ஆனால் புதுவைக்கும் திரைக்கும் உள்ள உறவு அறுபடவில்லை. சிறந்த படத்துக்குப் புதுவை அரசு வழங்கும் விருது சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரையே தாங்குகிறது. ஆங் லீ இயக்கி 2012-இல் வெளிவந்த 'பையின் வாழ்க்கை' என்னும் படத்தில் இந்நகரின் தாவரவியல் பூங்கா ஒரு விலங்குக் காட்சிச்சாலையாகத் தோன்றியதை உலகமே கண்டது. அப்படத்தைப் பார்க்கும் புதுவை மாணவர் ஒவ்வொருவரும், 'இது நம் ஊர்தானா? இதில் காட்டாமல் விட்டது எது?' என்று கேட்கலாம். பாவேந்தர் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுவே.

ஆகவே மாணவ நண்பர்களே, படம் பார்க்கப் போங்கள் என்றோ போகாதீர்கள் என்றோ நான் சொல்லப்போவதில்லை. போனால், விளக்குப் போட்டவுடன் முண்டியடித்து எழாதீர்கள். சற்றே அமர்ந்திருங்கள். வெளியே வரும்போது உங்கள் தெரு அங்கேயே காத்திருக்கும். உள்ளே போகுமுன் கண்ணில் படாத ஏதேனும் ஒன்று அத்தெருவில் இப்பொழுது படுமானால், கொடுத்த காசு வீணாகவில்லை.