டிரேப்பர் படை (79ஆம் காலாட்படை)

1757இல் வில்லியம் டிரேப்பர் திரட்டிய பிரிட்டிஷ் அரசப் படைப்பிரிவு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கூலிப்பட்டாளம் அல்ல. பிரெஞ்சுக்காரரை எதிர்க்க மன்னர் பெயரில் சென்னைக்கு அனுப்பப்பட்டது. அப்போது அங்கே ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடபுறம், இந்தியர் வாழ்ந்த கறுப்பர் நகரம்.

1758 டிசம்பர் 14 அன்று பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை கறுப்பர் நகரத்தில் புகுந்தது. சிப்பாய்கள் வீடுகளைச் சூறையாடினர். கிடைத்த சாராயத்தைக் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடினர். அதைக் கண்ட டிரேப்பர், இரு பீரங்கிகளோடு சுமார் 600 பேரை நடத்திக்கொண்டு கோட்டையைவிட்டு வெளியேறினார். லாலியின் துணைத் தளபதிகளுள் ஒருவரான தெஸ்தேன் பிடிபட்டார். ஆயினும் குறுகிய தெருச்சண்டையில் ஆங்கிலேயர் 200 பேருக்கு மேல் இழந்து திரும்பினர். வெற்றி என்று இதைச் சொல்வது மிகை. கொள்ளை போனது தமிழர், தெலுங்கர் வீடுகள். படை வரலாறுகள் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

1759 பிப்ரவரி 16இல் இப்படையின் எஞ்சிய பிரிவுகள் கப்பலில் வந்திறங்க, கோட்டையைச் சூழ்ந்திருந்த லாலி முற்றுகையைக் கைவிட்டார். கோட்டையை ஒட்டிய பழைய கறுப்பர் நகரம் பின்னர் இடிக்கப்பட்டது. இன்று அங்கே உயர்நீதிமன்றம் நிற்கிறது. மைசூரின் ஹைதர் அலி மீதான அச்சத்தில் எழுந்த புதிய நகர்மதிலின் எச்சம் பழைய ஜெயில் சாலையில் உள்ளது. 1762இல் இதே படை சென்னையிலிருந்து மணிலாவைப் பிடிக்கச் சென்றது.