வாடிய கொழுந்துக்கு ஏன் அவ்வளவு காற்று?

ஹற்றன் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு (தோட்டத்தில் 'ஸ்டோர்' என்பார்கள்) ஒருமுறை இரவில் போயிருந்தேன். மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் கொழுந்து பரப்பியிருந்தது. ஒவ்வொரு தொட்டியின் முனையிலும் ஒரு பெரிய விசிறி. நள்ளிரவு தாண்டியும் எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"இலைதான் வாடிட்டுதே அண்ணே, இன்னும் இவ்வளவு காத்து வேணுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்தான். ஆனா இது ஓடினா முழுசா ஓடும், இல்லாட்டி நிக்கும்" என்றார் அங்கு வேலையிலிருந்தவர்.

பறித்த கொழுந்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நீர். அரைப்பதற்கு முன் மணிக்கணக்காகக் காற்று ஊதி அதில் பெரும்பகுதியை எடுக்கிறார்கள். மழைநாள் இலைக்குத் தொடக்கத்தில் நிறையக் காற்று வேண்டும். வாட வாடத் தேவை குறையும். வழமையில் காற்றுவழியைக் கொஞ்சம் அடைப்பார்கள். மோட்டரோ பழைய வேகத்திலேயே சுழலும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவி பொருத்தினால் கதை வேறு. விசிறிக்குத் தேவையான மின்வலு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்வலு ஏறத்தாழப் பாதியாகிறது.

ஆனால் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. கைத்தொழில்களுக்கு மாலை 6.30 முதல் இரவு 10.30 வரைதான் மின் அலகு மிக விலை கூடியது. ஈர இலைக்கு முழுக் காற்று தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வேகத்தைக் குறைக்கக்கூடிய பின்னிரவில் அலகு மலிவு. ஆகவே கருவி விற்பவர் சொல்லும் இலாபத்தை அப்படியே நம்பாமல், ஒரு தொட்டியில் பொருத்தி, தனி மானி வைத்து அளந்து பார்ப்பதே நல்லது. நான் பார்த்த இடத்தில் முழு ஸ்டோருக்கும் ஒரே மானி. எந்த விசிறி எவ்வளவு தின்கிறது என்று யாருக்கும் தெரியாது.

2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைந்து, ஜூனில் 15 சதவீதம் கூடியது. இப்படி ஏறி இறங்கும் கட்டணத்தை நம்பிப் பல ஆண்டுக்கான முதலீட்டை எவர் செய்வார்? 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தால் நிலைபெறுதகு சக்தி அதிகார சபை வந்தது. சக்தி முகாமையாளர், சக்திக் கணக்காய்வாளர் என்ற பதவிகளும் வந்தன. ஸ்டோரில் விசிறியை இயக்குபவரோ மின்பட்டியலைக் கண்ணால் கண்டதில்லை. அது கொழும்புக்குப் போகிறது. சம்பள உயர்வு பேசும்போது மட்டும் 'உற்பத்திச் செலவு' என்ற பெயரில் அது அவரிடம் திரும்பி வருகிறது.

இத்தனைக்கும் தேயிலைக்குச் செலவாகும் சக்தியில் மின்சாரம் சிறு பங்குதான். பெரும்பங்கு இலையை உலர்த்தும் வெப்பம். அது விறகிலிருந்து வருகிறது. ஈர விறகென்றால் அதிலுள்ள நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும். பிளந்து, கூரைக்குக் கீழே சில மாதம் காயவிட்டால் அதே வேலைக்குக் குறைந்த விறகு போதும். அதற்கு மின்னணுக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

நான் வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. விறகுக் குவியலின் மேல் ஒரு தார்ப்பாய்கூட இல்லை.