கோரேசு முதல் கொல்லம் வரை

பழைய ஏற்பாட்டின் எஸ்தர் புத்தகத்தைத் திறந்தவுடனேயே நம் நாட்டின் பெயர் கண்ணில் படுகிறது. அகாஸ்வேரு என்னும் பாரசீகப் பேரரசன் இந்தியா தொட்டு எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆண்டான் என்பது அதன் தொடக்கச் செய்தி. எபிரேய மூலத்தில் இந்தியாவைக் குறிக்கும் சொல் 'ஹோது', எத்தியோப்பியாவுக்குக் 'கூஷ்'. இந்த ஒரு செய்தியைப் பற்றிக்கொண்டு, பாரசீகர் ஆட்சி குமரிமுனை வரை நடந்தது என்று மேடையில் முழங்கியவர்களைக் கேட்டிருக்கிறோம். யூதர் பின்னாளில் புனைந்த கதை, இதில் வரலாறு ஏது என்று ஒதுக்கியவர்களையும் கேட்டிருக்கிறோம். இரு சாராருமே அந்தச் சொல்லின் பிறப்பை விசாரித்ததாகத் தெரியவில்லை.

ஹோது என்பது பழம்பாரசீக 'ஹிந்துஷ்' என்பதன் எபிரேய வடிவம். அகாமனியப் பேரரசின் கீழைக் கோடியாகிய சிந்து ஆற்றுப் பகுதியையே அச்சொல் குறித்தது. விந்தியத்துக்குத் தெற்கே அதற்குப் பொருளில்லை. ஆகவே முதல் சாராரின் முழக்கம் அங்கேயே அடங்கிவிடுகிறது. இரண்டாம் சாராருக்கு விடை பெர்சிபோலிசில் இருக்கிறது. அங்கே 1933-இல் நடந்த அகழாய்வில், முதலாம் தாரயவுஷ் (தமிழ் விவிலியத்தின் தரியு; கி.மு. 522-486) தன் கொலுமண்டபத்தின் அடித்தளத்தில் புதைத்து வைத்த பொன், வெள்ளித் தகடுகள் கிடைத்தன. பழம்பாரசீகம், எலாமியம், பாபிலோனியம் ஆகிய மும்மொழிகளில் பொறித்தவை. தன் ஆட்சிப் பரப்பை அவன் அதில் இரு கோடுகளாக வரைந்து காட்டுகிறான். ஒன்று சோக்தியானாவுக்கு அப்பாலுள்ள சகர்களிடமிருந்து கூஷ் வரை; மற்றொன்று ஹிந்துஷிலிருந்து, இன்றைய துருக்கியின் மேற்கிலிருந்த சார்டிஸ் வரை. சூசா அரண்மனைக் கட்டுமானக் கல்வெட்டிலும் தந்தம் வந்த நாடுகளாகக் கூஷும் ஹிந்துஷும் அடுத்தடுத்து நிற்கின்றன. எஸ்தர் கதை நிகழும் சூசான் அரண்மனை அந்தச் சூசாதான்! எபிரேய ஆசிரியர் பாரசீக அரசவையின் பேச்சு மரபை அறிந்தே எழுதியிருக்கிறார்.

இதனால் கதை முழுவதும் நடந்ததாகிவிடாது. அகாஸ்வேரு என்பது க்ஷயார்ஷா, அதாவது கிரேக்கர் சொன்ன செர்க்சஸ் (கி.மு. 486-465). அவனுடைய அரசி ஆமெஸ்திரிஸ் என்கிறார் எரோடோட்டஸ். வஸ்தியும் எஸ்தரும் அங்கே இல்லை. பேரரசின் பெரும் பிரிவுகள் 20 என்பதும் அவர் கணக்கே, 127 அன்று. சாக்கடல் சுருள்களிடையே எபிரேய விவிலியத்தின் ஏனைய நூல்களெல்லாம் துணுக்கு வடிவிலேனும் கிடைத்திருக்க, எஸ்தர் மட்டும் கிடைக்கவில்லை. அதன் எபிரேயப் பாடத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை என்பது இன்னொரு வியப்பு. அரங்கு மெய்யானது, அதில் ஆடிய கூத்து புனைவு என்பதே எம் கருத்து. ஆனால் அரங்கின் திரைச்சீலையைச் சற்றுத் தொட்டுப் பார்க்க வேண்டும். அரசனின் விருந்து மண்டபத்தில் தொங்கிய துணியை மூலம் 'கர்பஸ்' என்கிறது. வடமொழிக் 'கார்ப்பாச'மாகிய பருத்தி, பாரசீகத்தின் வழியாக எபிரேயத்தில் நுழைந்த உருவம் அது. இந்தியப் பருத்தி சூசான் அரண்மனையில் தொங்கியதாக ஒரு யூதர் எழுதுகிறார். எமக்கு அந்த 127 நாடுகளைவிட இந்தத் துணி பெரிதாகத் தோன்றுகிறது.

இப்படிப் பாரசீகம் எபிரேயத்துக்குக் கொடுத்த சொற்கள் பல. சட்டத்தைக் குறிக்கும் 'தாத்', சோலையைக் குறிக்கும் 'பர்தேஸ்' இரண்டும் அவ்வாறு வந்தவை. பின்னதன் மூலம், சுற்றுச் சுவருடைய தோட்டம் என்னும் பொருள் கொண்ட பழைய ஈரானியச் சொல். அதே சொல் கிரேக்கம் வழியே பயணப்பட்டுத் தமிழ்க் கிறித்தவர் நாவில் 'பரதீசு' ஆயிற்று. (பரதேசிக்கும் இதற்கும் உறவு தேட வேண்டாம்; அது வடமொழி.) சாலொமோனின் மயில்களைக் குறிக்கும் 'துக்கி' நம் 'தோகை'யே என்று கால்டுவெல் 1856-இல் எழுதியது தமிழர்க்குப் பிடித்த செய்தி. வாய்ப்புள்ள ஊகம்தான், ஆனால் எல்லோரும் ஏற்ற முடிவன்று. அதன்மேல் மாளிகை கட்டுவோர் அடித்தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

பாரசீகத்துக்கும் யூத மறைக்கும் உள்ள உறவின் நடுநாயகம் கோரேசு. கி.மு. 539-இல் பாபிலோனைக் கைப்பற்றி, அங்கே சிறையிருந்த யூதர் எருசலேம் திரும்பவும் ஆலயத்தை மீண்டும் எழுப்பவும் இசைவு தந்தவனாக எஸ்றா புத்தகம் அவனைக் காட்டுகிறது. ஏசாயாவின் 45-ஆம் அதிகாரமோ அவனைக் கடவுளின் அபிடேகம் பெற்றவன் என்றே அழைக்கிறது. எபிரேய மறையில் வேற்றினத்து மன்னன் வேறெவனுக்கும் கிட்டாத பட்டம் அது. 1879-இல் பாபிலோனில் கிடைத்த கோரேசின் களிமண் உருளை யூதரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தெய்வங்களை அவரவர் கோயில்களுக்கும் மக்களை அவரவர் ஊர்களுக்கும் திருப்பி அனுப்பியதாகப் பொதுவாகப் பேசுகிறது. அவனுக்கு அது அரசியல். திரும்பி வந்தவர்களுக்கு அது இறைச்செயல்.

இனி நம் பக்கம் வருவோம். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வழியாகப் பரங்கிமலைக்கு ஒரு காலைப்பொழுதில் போய்விடலாம். மலையுச்சித் தேவாலயத்தின் பீடத்தில் ஒரு கற்சிலுவை பதிக்கப்பட்டிருக்கிறது. 1547-இல் போர்த்துகீசியர் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது கிடைத்தது. அதன் வளைவைச் சுற்றி ஓடும் எழுத்தை அவர்களால் படிக்க இயலவில்லை. கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் ஒவ்வொரு எழுத்துக்கும் பல சொற்கள் சொல்லி, தோமாவின் வரலாற்றையே அதிலிருந்து விரித்துரைத்துவிட்டார்! கேட்டவர்களின் விருப்பமும் படித்தவரின் கற்பனையும் சேர்ந்தால் கல்வெட்டு எதையும் பேசும். அது பகலவி எழுத்து என்பதைத் தெளிவாக்கியவர் சென்னை ஆட்சிப் பணியில் இருந்த ஆர்தர் பர்னல், ஆண்டு 1873. அதன்பின் வந்த அறிஞர்கள் வெவ்வேறு விதமாகப் படித்தனர். சகார்புக்த் என்பவரின் மகனுக்கு இரங்குமாறு கிறித்துவிடம் வேண்டும் சிறு மன்றாட்டு அது என்பதே பிந்தைய வாசிப்புகள் காட்டும் பொருள். தோமா அதில் இல்லை. இதே வாசகம் கோட்டயம், முட்டுச்சிறை, கடமற்றம் முதலிய ஊர்களின் சிலுவைகளிலும் உண்டு. (பகலவி, பல்லவர் என்னும் பெயரொற்றுமை வழக்கை இங்கே நாம் எழுப்பப் போவதில்லை.)

இச்சிலுவையை வெட்டுவித்தவர் எந்த மறையை ஓதியிருப்பார்? சீனத் துருக்கித்தானத்தின் துர்பானை அடுத்த புலாயிக்கில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பகலவி ஏட்டின் 12 இதழ்கள் கிடைத்தன. அவற்றில் இருந்தவை தாவீதின் சங்கீதங்கள், சிரியாக்கிலிருந்து பாரசீகத்துக்குப் பெயர்க்கப்பட்டவை. பரங்கிமலைக் கல்லின் மொழியிலேயே யூத மறையை ஓதிய பாரசீகக் கிறித்தவர் ஆசியாவின் நடுவிலும் இருந்தனர். கடல்வழியே மயிலாப்பூரின் அயலுக்கும் வந்தனர்.

யூதர்களே நேரில் வந்து நிற்கும் ஆவணம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. சேர மன்னன் தாணு இரவியின் 5-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 849-இல், வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்கு அளித்த உரிமைகளைச் சொல்வது, வட்டெழுத்தில் எழுதப்பட்டது. இன்றைய மாநில எல்லையைக் கொண்டு அதை அயலார் பொருளாக நினைப்பதில் பொருளில்லை. 'தரிசா' என்பதே கிறித்தவரைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் திரிபு. பள்ளியைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. அஞ்சுவண்ணத்தை ஐந்து வண்ணம் எனப் பிரித்துப் பொருள் கூறியோர் உண்டு. அவை, கூட்டம் என்னும் பொருளுடைய பாரசீக 'அஞ்சுமன்' என்பதே அதன் மூலம் என்னும் விளக்கம் எமக்கு ஏற்புடையது. ஏறத்தாழ கி.பி. 1000-இல் பாஸ்கர இரவி, முயிரிக்கோட்டில் இருந்து யூதர் தலைவர் ஈசுப்பு இறப்பானுக்கு 72 விடுபேறுகளோடு வழங்கியதும் இந்த அஞ்சுவண்ணமே. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை என நீளும் சிறப்புகளைப் படிக்கையில், அரச உடையும் அரசனின் குதிரையும் பெற்ற மொர்தெகாய் நினைவுக்கு வராமல் போவதில்லை.

கொல்லத்துச் செப்பேட்டின் கடைசித் தகட்டில் மேற்கிலிருந்து வந்த வணிகர் 25 பேர் சான்றொப்பம் இட்டிருக்கின்றனர். 11 பேர் கூஃபி எழுத்தில் அரபியிலும், 10 பேர் பகலவியிலும் எழுதினர். பகலவியில் எழுதியவருள் சிலர் சரதுசர் சமயத்தார் எனக் கருதப்படுகிறது. எஞ்சிய நால்வர் எழுதியது எபிரேய எழுத்து. ஆனால் மொழி பாரசீகம். இவ்வகை யூதப் பாரசீகத்துக்கு இன்று கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் அந்த நான்கு வரிகளும் அடங்கும். கோரேசு விடுதலை தந்தபோதும் எருசலேமுக்குத் திரும்பாமல் பாரசீக ஆட்சிப் பரப்பிலேயே தங்கிவிட்ட யூதர் பலர். அவர்கள் வழிவந்த மரபு, ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் தன் மறையின் எழுத்தையும் தான் தங்கிய நாட்டின் மொழியையும் ஒருசேரக் கொண்டுவந்து, வட்டெழுத்துச் செப்பேட்டில் ஒரு கிறித்தவப் பள்ளிக்காகச் சாட்சி சொல்கிறது. பழைய வாசிப்பு ஒன்றின்படி அந்த நால்வரில் ஒருவர், யாகியாவின் மகன். அவர் பெயர் குருஷ்; கோரேசின் பெயர்தான்.