கோல்கி உறுப்பும் அரை நூற்றாண்டு ஐயமும்

ஒளி நுண்ணோக்கியின் கீழ் உயிருள்ள செல் ஏறத்தாழ நிறமற்ற கூழாகவே காட்சியளிக்கும். ஆகவே அதனுள் இருக்கும் நுண்ணுறுப்புகள், அதாவது தனித்தனிப் பணிகளைச் செய்யும் உள்ளமைப்புகள், கண்டறியப்பட்ட வரலாறு பெரும்பகுதி சாயமேற்றும் தொழிலின் வரலாறாகவே அமைந்தது. எதைக் காண முடியும் என்பதை அத்தொழிலே வரையறுத்தது; கண்டதை நம்பலாமா என்ற கேள்வியும் அதனோடு கூடவே பிறந்தது.

இத்தாலியில் மிலான் நகருக்கு அருகிலுள்ள அப்பியாதெகிராசோ என்னும் ஊரில், தீராத நோயுற்றோருக்கான மருத்துவமனையில் பணியாற்றிய கமில்லோ கோல்கி, 1873இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். மூளைத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் கெட்டிப்படுத்திப் பின்னர் வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தபோது, நெருங்கிக் கிடக்கும் எண்ணற்ற நரம்பு செல்களுள் மிகச் சில மட்டுமே கிளை நுனிவரை கறுத்தன. எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் எதுவுமே புலப்பட்டிருக்காது என்பதால், குறைபோலத் தோன்றும் இவ்வியல்பே அம்முறையின் பெருமையாயிற்று. இதே முறையை மாற்றியமைத்து ஆந்தையின் சிறுமூளைச் செல்களை ஆராய்ந்த கோல்கி, உட்கருவைச் சூழ்ந்த, பின்னர் கோல்கி உறுப்பு எனப்பட்ட, நுண்ணிய வலை போன்ற அமைப்பொன்றைக் கண்டு, 1898 ஏப்ரலில் பவியா நகர மருத்துவச் சங்கத்தில் அறிவித்தார்.

அந்த வலை உண்மையிலேயே செல்லுக்குள் இருக்கிறதா, அல்லது சாயமேற்றப் பயன்பட்ட வெள்ளி, ஆஸ்மியம் ஆகிய உலோகங்கள் திசுவில் படிவதால் உண்டாகும் செயற்கைத் தோற்றமா என்ற விவாதம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. மற்றொரு நுண்ணுறுப்பான மைட்டோகாண்டிரியாவுக்கு இத்தகைய நெருக்கடி இல்லை. 1900இல் லியோனர் மிக்கேலிஸ் ஜேனஸ் பச்சை என்ற சாயத்தால் அதை உயிருள்ள செல்லிலேயே காட்டிவிட்டார். கோல்கியின் வலைக்கு அத்தகைய சாட்சி கிடைக்கவில்லை என்பதோடு, அது ஒரு செல்லில் வலையாகவும் மற்றொன்றில் பிறையாகவும் வேறொன்றில் சிதறிய துகள்களாகவும் தோன்றியது. 1949இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் பலாடேயும் ஆல்பெர்ட் கிளாடும், திசுவைப் பதப்படுத்தும்போது கொழுப்புப் பொருள்கள் சுருண்டு உருவாகும் வடிவங்களே அவை என்று வாதிட்டனர். இதைப் பிடிவாதம் என்று கொள்வது நியாயமாகாது. தன் கருவி தன்னையே ஏமாற்றக்கூடும் என்ற அச்சம் இத்தொழிலின் அடிப்படை ஒழுக்கமாகும்.

1954இல் ஆல்பெர்ட் டால்ட்டனும் மேரி ஃபெலிக்ஸும், மிக மெல்லிய சீவல்களாக வெட்டிய திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தட்டையான சவ்வுப் பைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதையும் அருகில் சிறு குமிழ்கள் சூழ்ந்திருப்பதையும் விளக்கிக் காட்டினர். வெள்ளியின் துணையின்றியே வெளிப்பட்ட அவ்வடுக்கு, இருப்பு பற்றிய ஐயத்தைப் போக்கிற்று.

அதன் பணி அடுத்த பதினைந்தாண்டுகளுக்குள் தெளிவாயிற்று. கினிப்பன்றியின் கணையச் செல்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தைச் சிறிது நேரம் மட்டும் ஊட்டி, அது சேர்ந்த புரதம் எவ்வெப்போது எங்கெங்கே இருக்கிறது என்று ஜேம்ஸ் ஜேமிசனும் பலாடேயும் 1967இல் பின்தொடர்ந்தனர். செல்லின் மற்றொரு சவ்வமைப்பான எண்டோபிளாச வலைப்பின்னலில் உருவாகும் புரதம் கோல்கி உறுப்பின் வழியாகச் சென்று, செல்லுக்கு வெளியே சுரக்கப்படுவதற்கான துகள்களை அடைகிறது என்பது இதனால் நிறுவப்பட்டது. அவ்வழியில் புரதத்தோடு சர்க்கரைத் தொடர்கள் இணைக்கப்பட்டுத் திருத்தப்படுகின்றன. அடுக்கின் மறுமுனையில் புரதம் போய்ச்சேர வேண்டிய இடத்திற்கேற்பப் பிரிக்கப்படுகிறது. இவ்வுறுப்பின் இருப்பை ஒருகாலத்தில் மறுத்த பலாடேயும் கிளாடும், லைசோசோம் என்னும் நுண்ணுறுப்பைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டுவேயுடன் 1974ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.