முகப்புச் சின்னம் (தமிழ்த் திரைப்படம்)

திரைப்படம் தொடங்கும் முன், தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, பெரும்பாலும் அதற்கே உரிய இசையோடு, சில நொடிகள் திரையில் தோன்றும் உருவம். தமிழில் இதன் வரலாறு படப்பிடிப்புக்கூடங்களின் வரலாற்றோடு பிணைந்தது. 1940 முதல் 1960 வரையிலான காலத்துக்குச் சான்றுகள் நிறைந்துள்ளன. அதற்கு முந்தியவை மிகக் குறைவு.

இச்சின்னங்கள் அழகுக்காகப் பிறந்தவை அல்ல, களவைத் தடுக்கப் பிறந்தவை. பிரான்சில் ஜார்ஜ் மெலியேயின் நட்சத்திரமும் பாதே நிறுவனத்தின் சேவலும் தொடக்கத்தில் படத்துக்கு முன்னால் வந்ததோடு நிற்கவில்லை. காட்சிக்குள்ளேயே, அரங்கச் சுவரிலோ தட்டியிலோ மாட்டப்பட்டன. பிறர் படத்தைப் படியெடுத்துத் தம்முடையதாக விற்றால் அந்தச் சேவல் காட்டிக்கொடுத்துவிடும் என்பது கணக்கு. தென்னகத்துக்கு நகரும் படம் வந்த வழியிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் உண்டு. 1905இல் திருச்சியில் து பான் என்பவரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கித்தான் சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகக் கொட்டகை போட்டார்.

தென்னகத்தில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் இன்று எஞ்சியிருப்பது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' உள்ளிட்ட மற்றவை அழிந்துவிட்டதால் அக்காலச் சின்னங்களைப் பற்றிய செய்தி இல்லை.

முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனத்தில் உருவானது. 1934இல் சென்னையில் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோனைத் தொடங்கும் வரை தமிழ்ப் படங்கள் வெளியூர்க் கூடங்களையே நம்பியிருந்தன. 'சீதா கல்யாணம்' மராட்டிய நிறுவனமான பிரபாத்தின் தயாரிப்பு. துத்தாரி என்னும் நீண்ட கொம்பை ஊதும் பெண்ணே பிரபாத்தின் சின்னம். பின்னாளில் சென்னையில் தோன்றிய குழலூதும் சிறுவர்களுக்கும் அவளுக்கும் உள்ள ஒற்றுமை கண்ணில் படாமல் போகாது. ஆனால் ஒன்று மற்றொன்றுக்குத் தூண்டுதலாக இருந்தது என்று நிறுவப்படவில்லை.

சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸின் தொடக்க ஆண்டு 1935 என்பது பெருவழக்கு. முதல் படமான 'சதி அகல்யா' வெளிவந்த 1937ஐக் கொள்வோரும் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த இந்நிறுவனத்தின் திரைச் சின்னத்தைவிட ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் அதன் நுழைவாயில் வளைவே மக்கள் நினைவில் பதிந்துள்ளது.

ஜெமினி இரட்டையர்

தமிழகத்துச் சின்னங்களில் இந்தியா முழுவதும் அறியப்பட்ட முதல் சின்னம் ஜெமினியுடையது. கொழுகொழுவென்ற இரண்டு சிறுவர்கள் கன்னம் உப்ப ஊதுகுழல் ஊதுவார்கள். கொட்டகைக்கு வெளியே நிற்பவர்களுக்கு அந்த ஓசைதான் படம் தொடங்கிவிட்டதற்கு அறிவிப்பு.

இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் மோஷன் பிக்சர் புரொடியூசர்ஸ் கம்பைன்ஸ் தீவிபத்தில் சேதமுற்று ஏலத்துக்கு வந்தபோது, 'ஆனந்த விகடன்' அதிபர் எஸ். எஸ். வாசன் அதை எடுத்து 1940இல் ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார். ஏலத் தொகையாக அடிக்கடி எடுத்தாளப்படுவது 86,427 ரூபாய் 11 அணா 9 பை. முழு எண்ணாக இல்லாத இத்தொகைக்கு வட்டிக் கணக்கே காரணம் என்பர்.

பெயருக்கான காரணத்தில் கருத்து வேறுபாடு உண்டு. வாசன் குதிரைப் பந்தயத்தில் ஈடுபாடு கொண்டவர். 'ஜெமினி ஸ்டார்' என்ற குதிரை தேடித்தந்த வெற்றியின் நினைவாக இப்பெயர் வந்தது என்பது ஒரு செய்தி. அவருடைய மனைவியின் ராசி மிதுனம் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஸ்டூடியோவுக்கு முன்பே விநியோகத் தொழிலில் அவர் இப்பெயரைப் பயன்படுத்தி வந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜூபிடர், நெப்டியூன், ஜெமினி என்று அக்காலப் படத்தொழில் வானத்தைப் பார்த்தே பெயர் வைத்தது. முதல் போட்டவர்களின் மனநிலையை இதைவிட நன்றாகக் காட்டும் சான்று வேறில்லை.

வாசன் சின்னங்களின் வலிமையை அச்சுத்தொழிலில் ஏற்கெனவே கண்டவர். ஓவியர் மாலி வரைந்த விகடன் தாத்தா வாரந்தோறும் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆக ஒரே முதலாளியிடம் பத்திரிகைக்கு ஒரு கிழவரும் படத்துக்கு இரண்டு குழந்தைகளும் வேலை பார்த்தனர்.

'மதனகாமராஜன்' (1941), 'நந்தனார்' (1942), 'மங்கம்மா சபதம்' (1943) ஆகியவை தமிழ்நாட்டில் இரட்டையரைப் பழக்கின. வடக்கே கொண்டுசென்றது 'சந்திரலேகா' (1948). தமிழில் ஏப்ரலிலும் இந்தியில் அவ்வாண்டு இறுதியிலும் வெளியான இப்படத்துக்கு வாசன் செய்த விளம்பரம் அதுவரை இந்தியா காணாதது. இந்திப் பார்வையாளருக்கு மதராஸ் என்ற ஊரின் பெயரோடு சேர்ந்து மனத்தில் நின்றது இப்படத்தின் முரசு நடனமும் இந்தச் சிறுவர்களுமே. தொடர்ந்து 'நிஷான்' (1949), 'இன்சானியத்' (1955), 'பைகாம்' (1959) முதலிய இந்திப் படங்களையும் அவர்களே ஊதித் தொடங்கிவைத்தனர். திலீப் குமாரும் தேவ் ஆனந்தும் சேர்ந்து நடித்த 'இன்சானியத்'திலும் அவர்களுக்கு முன்னால் திரைக்கு வந்தவர்கள் இவ்விருவரே.

இப்பகுதி நீண்டிருப்பதற்கு எழுத்தாளர் அசோகமித்திரனும் ஒரு காரணம். 1952 முதல் 1966 வரை ஜெமினியில் பணியாற்றிய அவர், அந்நிறுவனத்தின் அன்றாடத்தை வேறு எவரையும்விட நுணுக்கமாகப் பதிவு செய்துள்ளார். ஒப்பனைப் பிரிவு இயங்கிய கட்டடம் ஒருகாலத்தில் ராபர்ட் கிளைவின் குதிரை லாயம் என்று அங்கிருந்தோர் நம்பியதை அவர் லேசான நகைப்போடு குறிக்கிறார். சின்னத்தோடு நேர்த்தொடர்பு இல்லாவிடினும், பந்தயக் குதிரையின் பெயர் என்று சொல்லப்படும் நிறுவனம் லாயம் என்று சொல்லப்படும் இடத்தில் நடந்தது என்பதை விட்டுவிட மனம் வரவில்லை.

நிறுவனத்தில் வேலை பார்த்த கணேசன், நடிகரான பின்னும் பெயருக்கு முன்னால் 'ஜெமினி'யைத் தாங்கினார். அதே காலத்தில் புகழ்பெற்ற மற்றொரு கணேசனிடமிருந்து வேறுபடுத்தவும் அது உதவியது. எம்.ஜி.ஆரின் நூறாவது படமான 'ஒளி விளக்கு' (1968) ஜெமினியின் வண்ணப்படம். 1969இல் வாசன் மறைந்தார். அவர் மகன் எஸ். எஸ். பாலன் இயக்கிய 'எல்லோரும் நல்லவரே' (1975) கடைசிக்காலத் தயாரிப்புகளுள் ஒன்று. ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது தங்கும் விடுதியும் வணிக வளாகமும் உள்ளன. அருகே 1973இல் திறக்கப்பட்ட மேம்பாலத்தின் பெயர் அண்ணா மேம்பாலம். பேருந்து நடத்துநர்களுக்கும் பயணிகளுக்கும் அது ஜெமினிதான்.

பிற நிறுவனங்கள்

ஏவி. மெய்யப்பன் 1945இல் தொடங்கிய ஏவிஎம், உருவத்தை நாடாமல் தன் மூன்று எழுத்துகளையே சின்னமாக்கியது. போர்க்கால மின்தட்டுப்பாட்டால் காரைக்குடிக்குச் சென்று, அங்கே எடுத்த 'நாம் இருவர்' (1947) இப்பெயரில் வந்த முதல் படம். 1948இல் நிறுவனம் வடபழனிக்கு வந்தது. எழுத்துகளோடு ஒலிக்கும் முகப்பிசை, அங்கே நெடுங்காலம் இசையமைப்பாளராக இருந்த ஆர். சுதர்சனத்துடையது என்பது பொதுவான கருத்து. ஆற்காடு சாலை வாயிலில் சுழன்ற உலக உருண்டை, வெளியூரிலிருந்து சென்னை பார்க்க வருவோரின் பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

நாகிரெட்டியும் சக்கரபாணியும் நடத்திய விஜயா நிறுவனத்துக்கு அனுமன் பொறித்த கொடி சின்னம். விஜயன் என்பது அருச்சுனனின் பெயர். அவன் தேர்க்கொடி அனுமக்கொடி. பெயரும் படமும் இவ்வளவு பொருந்திய சின்னம் தமிழ்த் திரையில் அரிது.

அரசியல் நேரடியாகச் சின்னத்தில் ஏறியது 'நாடோடி மன்ன'னில் (1958). எம்ஜியார் பிக்சர்ஸின் சின்னத்தில் ஆணும் பெண்ணும் தி.மு.க. கொடியை உயர்த்திப் பிடித்து நிற்கின்றனர். கட்சி தொடங்கி ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில், தயாரிப்பாளரும் இயக்குநரும் கதாநாயகனுமாகிய எம்.ஜி.ஆர். கொட்டகைதோறும் கொடியேற்றிவிட்டார் என்றே சொல்லலாம்.

தொழில்நுட்பமும் அழிவும்

சின்னத்தை ஒருமுறை படம்பிடித்து, அந்த நெகடிவின் துண்டை ஒவ்வொரு படத்தின் முதல் ரீலிலும் ஒட்டிக்கொள்வது வழக்கம். வண்ணம் வந்தபோது அதைப் புதிதாக எடுக்க வேண்டியிருந்தது. 'ராஜராஜ சோழன்' (1973) தமிழுக்குக் கொண்டுவந்த சினிமாஸ்கோப்பின் அகலத்துக்கு ஏற்ப மீண்டும் அமைக்க நேர்ந்தது. ஒரே நிறுவனத்துக்குப் பல வடிவங்கள் காணப்படுவதற்கு இவை காரணங்கள். ரீலின் தலைப்பகுதி எளிதில் தேயும், அறுந்தால் வெட்டி ஒட்டுவார்கள். சின்னம் அங்கேயே இருப்பதால் முதலில் இழக்கப்படுவதும் அதுவே. தொலைக்காட்சிக்கும் ஒளிநாடாவுக்கும் மாற்றியபோதும் இப்பகுதி பலமுறை நறுக்கப்பட்டது.

பிற்காலம்

கே. பாலசந்தரின் கவிதாலயா (1981) திருவள்ளுவர் உருவத்தையும் முதல் குறளையும் கொண்டது. சொந்தப் படப்பிடிப்புக்கூடம் இல்லாத நிறுவனங்களின் காலத்தில் நிலைத்த சின்னங்களுள் இது முதன்மையானது. 'ரோஜா' (1992) வழியாகத் தமிழகத்துக்கு வெளியேயும் சென்றது. அதே ஆண்டில் கவிதாலயா தயாரித்த 'அண்ணாமலை'யில், புள்ளி புள்ளியாகச் சேர்ந்து உருவாகும் எழுத்துகளில், தேவாவின் இசையோடு, ரஜினிகாந்தின் 'சூப்பர் ஸ்டார்' தலைப்பு அட்டை முதன்முதலில் வந்தது. அது ஒரு நடிகருக்கான முகப்புச் சின்னம். கொட்டகையில் சீட்டியும் கைத்தட்டலும் அதன்பின் அதற்கே போயின.

2012 அக்டோபர் முதல் புகையிலை எச்சரிக்கைப் படங்களும் தொடக்கத்தில் கட்டாயமாயின. 2014இல் 'கத்தி' வெளியீட்டின்போது எழுந்த எதிர்ப்பால், தயாரிப்பு நிறுவனமான லைக்காவின் பெயரைத் தமிழ்நாட்டுப் படிகளிலிருந்து நீக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. இப்போதைய சின்னங்கள் கணினி வரைகலையில் உருவாகின்றன. தயாரிப்பாளர், இணைத் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், இணைய ஒளிபரப்பு உரிமை பெற்றவர் என நான்கைந்து அடுத்தடுத்து வருவது வழக்கமாகியுள்ளது.