காம்பியா: ஓர் ஆறும் ஒரு கோடும்

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனகலின் வயிற்றுக்குள் விரலை நுழைத்தாற்போலக் கிடக்கிறது காம்பியா. பரப்பு சுமார் 11,300 சதுர கி.மீ. கடல் தவிர மற்ற எல்லாப் பக்கமும் செனகல்தான். நடுவே காம்பியா ஆறு.

இந்த எல்லைக்கு ஒரு கதை சொல்றாங்க. பிரிட்டிஷ் கப்பல் ஆற்றில் போய்க்கொண்டே இருபுறமும் பீரங்கி சுட்டதாம். குண்டு விழுந்த இடம்வரை காம்பியாவாம். நடந்தது இதைவிடச் சாதாரணமானது. 1889இல் பாரீசில் பிரிட்டனும் பிரான்சும் பேசி, பெரும்பாலும் இரு கரையிலிருந்தும் பத்துக் கிலோமீட்டர் என்று வகுத்துக்கொண்டன. 1870களில் இதே நிலத்தை வேறு நிலத்துக்கு மாற்றிக்கொள்ளப் பேரம் பேசியவர்கள்தான் இவர்கள். பீரங்கிக் கதையின் வீரச்சாயலில் அந்தப் பேரம் மறைந்துபோகிறது.

கப்பல் வெகுதூரம் உள்ளே போகக்கூடிய ஆறு இது. ஜேம்ஸ் தீவுக் கோட்டை வழியாக மனிதர்கள் சரக்காகப் போனார்கள். 1807இல் தடைச் சட்டம். அடிமைக் கப்பல்களைத் தடுக்க 1816இல் முகத்துவாரத்தில் பாதர்ஸ்ட் நகரம் (1973 முதல் பாஞ்சுல்). பிறகு நிலக்கடலை சரக்கானது.

மண்டிங்கா, வோலோஃப், ஃபுலா, ஜோலா என எல்லையின் ரெண்டு பக்கமும் அதே மொழிகள். ஆட்சிமொழி இங்கே ஆங்கிலம், அங்கே பிரெஞ்சு. செனகலின் தென்பகுதியான கசமான்ஸ், டாக்கரிலிருந்து துண்டாகிப் போனது. 1982இல் அங்கே கிளம்பிய பிரிவினைப் போராட்டத்துக்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம்.

அப்படியானால் எல்லையை அழித்துவிட வேண்டியதுதானே என்று நம்மில் பலர் கேட்போம். அதையும் செய்து பார்த்தார்கள். 1965இல் விடுதலை, 1970இல் குடியரசு. 1981இல் அதிபர் ஜவாரா லண்டனில் அரச குடும்பத்துத் திருமணத்துக்குப் போயிருந்தபோது இங்கே கலகம். செனகல் படை வந்து அடக்கியது. அந்தப் படையின் நிழலில் 1982இல் உருவான செனகாம்பியக் கூட்டரசு 1989இல் கலைந்தது. மக்களைக் கேட்காமல் போட்ட எல்லையை மக்களைக் கேட்காமலே அழிக்கப் பார்த்தார்கள்.

1994இல் ராணுவப் புரட்சியில் வந்த ஜாமே 22 வருடம் ஆண்டார். அங்கே ஓட்டு கோலிக்குண்டு. வேட்பாளருக்கு ஒரு பீப்பாய். குண்டு உள்ளே விழுந்தால் மணிச் சத்தம் கேட்கும். படிக்கத் தெரியாதவரும் ஓட்டுப்போட 1960களிலிருந்து இருக்கும் ஏற்பாடு. 2016 டிசம்பரில் அந்தக் குண்டுகளே ஜாமேயைத் தோற்கடித்தன. அவர் நகர மறுத்ததும் 2017 ஜனவரியில் செனகல் தலைமையில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படை மறுபடி நுழைந்தது. ஆனால் இம்முறை படை வந்தது மக்கள் தீர்ப்புக்குப் பின்னால். 1981க்கும் 2017க்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பாரீசில் போட்ட கோடு அந்நியமானதுதான், சந்தேகமில்லை. அதற்குள் தங்களுக்கென ஒரு அரசியலை அந்த மக்கள் உண்டாக்கிக்கொண்டதையும் சேர்த்துப் படிக்காவிட்டால், நாமும் வரைபடத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறவர்களாகிவிடுவோம்.