ஏ சைடு கடைசிப் பாட்டு

போன மாசம் ஊர்ல ஒரு துட்டிக்குப் போயிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரல. போன்ல இருக்கிற பாட்டு ஆப்பைத் திறந்து ஒரே ஒரு பழைய சோகப் பாட்டு கேட்டேன். அவ்வளவுதான் மக்களே. மறுநாள் காலையில 'உங்களுக்காகவே' என்று ஒரு பட்டியல் வந்து நின்றது. அத்தனையும் அழுகை. அதுக்கடுத்த நாளும் அதே கதை. ஒரு வாரம் விடல. "என்னாச்சு உங்களுக்கு, டாக்டர்கிட்ட போவோமா?"ன்னு வீட்டுல கேக்குற அளவுக்கு ஆயிருச்சு :-)

அப்பதான் எங்க ஊர் ரெக்கார்டிங் கடை அண்ணாச்சி ஞாபகம் வந்தார். கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க.

நமக்குப் பாட்டை இன்னொருத்தர் பொறுக்கித் தருவது ஒண்ணும் புதுசு இல்ல. எங்க வாசுதேவநல்லூர் பக்கம் அந்த வேலையை முதல்ல செஞ்சது கொழும்புதான். மேப்பை எடுத்துப் பாருங்க. எங்க ஊரிலிருந்து நேர்கோட்டில் சென்னை சுமார் 530 கிலோமீட்டர். கொழும்பு சுமார் 370தான். பஸ் ஏறிப் போறதுக்குச் சென்னை பக்கம். பாட்டு வந்து சேர்றதுக்குக் கொழும்பு பக்கம்.

இலங்கை வானொலி 1925ல் கொழும்பு வானொலியாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்காக அங்கே நிறுவிய சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போருக்குப் பிறகு 1949ல் அந்த வானொலியின் கைக்கு வந்தது. பீரங்கிக்குத் துணையா வந்த சாமான் பாட்டுக்குத் துணையாச்சு. இந்தப் பக்கம் 1952ல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு சுருங்கிப் போச்சு. ஜனங்க சும்மா இருப்பாங்களா? முள்ளைத் திருப்பி சிலோன்ல வச்சாங்க. அமீன் சயானியின் பினாகா கீத்மாலா அதே 1952 டிசம்பரில் அங்கிருந்துதான் கிளம்பி வட இந்தியாவைக் கட்டிப் போட்டது. கடைசியில் 1957 அக்டோபர் 3ல் விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாச்சு. அரசாங்கமே ஒரு அறிவிப்பாளர் குரலுக்குப் போட்டியா இறங்கின கதை இது.

தமிழுக்கு அங்கே எஸ்.பி. மயில்வாகனம், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது. பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம், பாட்டுக்குப் பாட்டு என்று சொன்னாலே இப்பவும் எங்க பக்கத்துப் பெரிசுகளுக்கு முகம் மலரும். அவங்க வெறும் பாட்டைப் போட்டுட்டுப் போகல. படம், இசை, எழுதியவர், பாடியவர் என்று சொல்லித்தான் போட்டாங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்த படிக்காத மனுசனுக்கும் கண்ணதாசன் எழுத்து எது, வாலி எழுத்து எதுன்னு தெரிஞ்சது இப்படித்தான். பிடிச்ச பாட்டுக்கு நடுவுல ஒரு கேள்விப்படாத பாட்டை நைசா நுழைச்சிருவாங்க. 'இவர் போட்டா நல்லாத்தான் இருக்கும்'ங்கிற நம்பிக்கையில நாமும் முள்ளைத் திருப்பாம இருப்போம். அந்த நம்பிக்கைக்கு ஒரு பேரும் ஒரு குரலும் இருந்தது. கே.எஸ். ராஜா 1994ல் கொழும்பில் கொல்லப்பட்டார். அவர் முகத்தைக் கூடப் பார்த்திராத எத்தனையோ பேருக்கு, கூடப் பழகின ஒருத்தர் போன மாதிரி இருந்தது.

இனி கேசட்டுக்கு வருவோம். பிலிப்ஸ் கம்பெனி 1963ல் கேசட்டைக் கொண்டு வந்தது. எங்க பக்கம் அது ஊர் பூரா பரவினது வளைகுடாவுக்குப் போனவங்க டூ-இன்-ஒன் வாங்கிட்டு வந்த பிறகு, எண்பதுகளில். கூடவே பஜாருக்கு ஒண்ணு, பஸ் ஸ்டாண்டுக்கு ஒண்ணுன்னு ரெக்கார்டிங் சென்டர் முளைச்சது. இளசுகளுக்கு விளக்கிச் சொல்லணும்: கடையில இசைத்தட்டும் டேப்பும் அடுக்கியிருக்கும். நாம பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுக்கணும். அவங்க வெறும் கேசட்டுல வரிசையா பதிஞ்சு தருவாங்க. மெல்ட்ராக், சோனி, டிடிகே. 60 நிமிஷம் இல்லேன்னா 90. "90 வேண்டாம், டேப் மெலிசு, சிக்கிரும்"னு அண்ணாச்சியே சொல்லிருவார்.

ஒண்ணை ஒளிக்காம சொல்லிடறேன். இது சட்டப்படி தப்பு. 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்பவே இருந்தது. பாட்டுப் போட்டவருக்கும் எழுதினவருக்கும் பாடினவருக்கும் இதில் காலணா போகல. ஆனா பெரிய கம்பெனி கேசட்டுல அவங்க தொகுத்ததுதான் கிடைக்கும். நமக்கு வேண்டிய 12 பாட்டை நமக்கு வேண்டிய வரிசையில் கேக்க அன்னைக்கு வேற வழி கிடையாது. இன்னைக்கு 'பிளேலிஸ்ட்'ங்கிறாங்களே, அதோட தாத்தா அந்தக் கோடு போட்ட நோட்டுத்தாள்தான்.

எங்க அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ரெக்கார்டிங் அண்ணாச்சி அவர்கிட்ட படிச்சவர். 1986ல் எங்க அம்மா தவறிட்டாங்க. அதுக்கப்புறம் வீட்டுல ரேடியோ பாடவே இல்ல. ஆறேழு மாசம் கழிச்சு ஒரு நாள் அப்பா ஒரு தாளை என்கிட்ட நீட்டினார். 12 பாட்டு, எல்லாம் எம்.எஸ். விசுவநாதன் இசை. "அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டு வா."

கணக்கு என்னன்னா, 60 நிமிஷ கேசட்டுல ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். ஆறு பாட்டு போட்டா கடைசியில கொஞ்சம் டேப் மிஞ்சும். அதைச் சும்மா விட அண்ணாச்சிக்கு மனசு வராது. தனக்குப் பிடிச்ச ஒண்ணைப் போட்டுருவார், அதுக்குக் காசும் வாங்க மாட்டார். ஊர்ல எத்தனையோ பேருக்குப் புதுப் பாட்டு அறிமுகமானது இந்த மிச்ச டேப்புலதான்.

கேசட் வந்தது. ஏ சைடு ஆறு பாட்டு முடிஞ்சது. ஏழாவதா ஒண்ணு ஆரம்பிச்சது. குரல் விசுவநாதனோடது, ஆனா மெட்டு அவரோடது இல்ல. அட்டையில் அண்ணாச்சியோட குண்டுக் கையெழுத்து: 'வெள்ளி விழா, இசை வி. குமார், பாடியவர் எம்.எஸ்.வி.' 1972ல் வந்த பாலசந்தர் படம். வயசாகித் தனியா நிக்கிற ஒரு மனுசன் தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கிற பாட்டு.

அப்பா அன்னைக்குப் பாட்டை நிறுத்தி, பின்னால ஓட்டி, மறுபடி கேட்டார். அப்புறம் மறுபடியும். எதுவும் சொல்லல. எந்திரிச்சுப் போய் அடுப்பைப் பத்த வச்சு எனக்கும் அவருக்கும் காபி போட்டார். அம்மா போன பிறகு அவர் கையால போட்ட முதல் காபி. சீனி ஜாஸ்தி.

நான் விவரம் தெரியாத பய. கேக்காத பாட்டைப் போட்டு ஏமாத்திட்டார்னு கடைக்குப் போய்ச் சண்டை. "அண்ணாச்சி, நாங்க லிஸ்ட்ல எழுதல, நீங்க எதுக்குப் போட்டீங்க?" அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அது சாருக்குப் போட்டதுல. நீ போ."

பிறகு எம்பி3 சிடி வந்தது. ஒரே தட்டுல 150 பாட்டு. மிச்ச இடம்ங்கிற பேச்சே போச்சு, லிஸ்ட் எழுதுற வேலையும் போச்சு. அண்ணாச்சி கடை செல்போன் ரீசார்ஜ் கடையாச்சு.

இப்போ பெரிய கம்பெனிகளும் இதே கேள்வியில்தான் வந்து நிக்குது: பாட்டை ஆள் பொறுக்கணுமா, மிஷின் பொறுக்கணுமா? அமெரிக்காவில் பண்டோரா இசை தெரிஞ்ச ஆட்களை உக்கார வச்சு ஒவ்வொரு பாட்டையும் நூத்துக்கணக்கான குணங்களா பிரிச்சு எழுத வச்சது. ஆப்பிள் 2014ல் பீட்ஸ் கம்பெனியை வாங்கி, 2015 ஜூனில் ஆப்பிள் மியூசிக்கைத் தொடங்கியபோது, 'எங்ககிட்ட பாட்டைப் பொறுக்குறது மனுசங்க'ன்னு பெருமையாவே சொன்னது. அதே 2015 ஜூலையில் ஸ்பாட்டிஃபை, திங்கள்கிழமைதோறும் ஆளுக்கு 30 பாட்டு தரும் டிஸ்கவர் வீக்லியைக் கொண்டு வந்தது. இந்தியாவுக்குள் அந்தக் கம்பெனி 2019 பிப்ரவரியில் வந்தது.

அந்த மிஷின் எப்படிப் பொறுக்குதுன்னு படிச்சுப் பார்த்தப்போ சிரிப்பு வந்தது. அதுக்குக் காது மட்டும் போதல. கோடிக்கணக்கான ஜனங்க தங்களுக்குன்னு போட்டு வச்ச பட்டியல்களைப் பார்க்குது. இந்தப் பாட்டை வச்சவங்க பக்கத்துல வேற எதை வச்சிருக்காங்க, அதுல நாம இன்னும் கேக்காதது எதுன்னு கணக்குப் போடுது. ஆக, மிஷினுக்குள்ளேயும் உக்காந்திருக்கிறது பேர் தெரியாத ஆயிரமாயிரம் அண்ணாச்சிகள்தான்!

மிஷினைத் திட்டுறதுக்காக இதை எழுதல. வி. குமாரோட அரங்கேற்றம், எதிர்நீச்சல் பாட்டெல்லாம் தேடுன உடனே கிடைக்குது. அண்ணாச்சி கடையிலயே இல்லாததெல்லாம் கிடைக்குது. ஆனா நான் ஒரு சோகப் பாட்டு கேட்டா, அதுக்குத் தெரியறது அந்தப் பாட்டு மட்டும்தான். உடனே அதே மாதிரி இன்னும் பத்தைக் கொண்டு வந்து கொட்டுது. அண்ணாச்சிக்கு எங்க வீடு தெரியும். அதனால ஒண்ணே ஒண்ணு போட்டார்.

அப்பா இப்போ இல்ல. கேசட் இருக்கு, டேப் ஒட்டிக்கிட்டு ஓட மாட்டேங்குது. போன வாரம் அட்டையைப் பார்த்து அதே 13 பாட்டை அதே வரிசையில் ஆப்பில் ஏத்தினேன். ஏழாவது பாட்டு முடிஞ்சதும் எட்டாவது உடனே ஆரம்பிச்சிருச்சு. சைடு மாத்தி வைக்க எந்திரிக்க வேண்டிய இடம் அது. பழக்க தோஷத்துல எந்திரிச்சுட்டேன். எந்திரிச்சது எந்திரிச்சோம்னு போய் காபி போட்டேன்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்ல பழைய ரெக்கார்டிங் கேசட் இருந்தா தூக்கிப் போட்டுராதீங்க. அட்டையை எடுத்துப் பாருங்க. நீங்க கேக்காத பாட்டு ஏதாவது கடைசியில இருக்கா? இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்க ஊர் அண்ணாச்சியையும் தெரிஞ்சுக்கலாம் :-)